வினாவின் ஏவற்சொல்லும் விடையின் வடிவமும்



இங்கிலாந்தில் ஜி.சி.எஸ்.இ. பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகளுட் சிலர், பாடத்தை நன்கு கற்றிருந்தும் எதிர்பார்த்த புள்ளிகளைப் பெறுவதில்லை. "ஒழுங்காகப் படிக்கவில்லை" என வீட்டில் அவர்களுக்கு ஏச்சு விழுகின்றது. எனினும் குறை எப்போதும் படிப்பில் இருப்பதில்லை. வினாவின் ஏவற்சொல்லைக் கவனியாது விடையெழுதுவதும் ஒரு முக்கிய காரணமாகும். விடை எவ்வாறு அமைய வேண்டும் எனப் பணிக்கும் வினைச்சொல்லே ஏவற்சொல்.

அன்றாடத் தமிழில் 'விவரி', 'விளக்கு' ஆகிய இரண்டும் ஏறத்தாழ ஒரே பொருளில் வழங்குகின்றன. பரீட்சகருக்கோ 'டிஸ்கிரைப்' வேறு, 'எக்ஸ்பிளெய்ன்' வேறு. முன்னது என்ன நிகழ்கின்றது எனக் கேட்கின்றது. பின்னது ஏன் நிகழ்கின்றது எனக் கேட்கின்றது.

உயிரியலில் ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வெப்பநிலைக்கேற்ப நொதியமொன்றின் தாக்கவீதம் மாறுவதைக் காட்டும் வரைபு தரப்படுகின்றது. வினா 'டிஸ்கிரைப்' எனின், "40 பாகை செல்சியஸ் வரை வீதம் கூடுகின்றது, அதன்பின் விரைவாகக் குறைகின்றது" என வரைபிலுள்ள எண்களோடு எழுதினாற் போதுமானது. 'எக்ஸ்பிளெய்ன்' எனின் காரணம் வேண்டும்: வெப்பநிலை உயர மூலக்கூறுகள் விரைந்தியங்கி அடிக்கடி மோதுகின்றன, அளவு கடந்ததும் நொதியத்தின் உயிர்ப்பான பகுதி உருமாறுவதால் தாக்கமுற வேண்டிய பொருள் அதிற் பொருந்துவதில்லை. இங்கே வரைபின் போக்கை மட்டும் எழுதியவருக்குக் காரணத்துக்குரிய புள்ளிகள் கிடையா.

'கம்பேர்' என்றால் இரு பொருள்களின் ஒற்றுமை வேற்றுமைகளை இணைத்துக் கூற வேண்டும். ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுவது ஒப்பீடாகாது. 'இவாலுவேட்' என்றால் சார்பான சான்றுகளையும் எதிரான சான்றுகளையும் எடைபோட வேண்டும். அணை கட்டுதலின் நன்மை தீமைகளை அடுக்கிவிட்டு நிறுத்துவது பாதி விடையே. எப்பக்கம் வலுவானது, ஏன் என்ற முடிவும் வேண்டும். மாறாக, 'கிவ்' அல்லது 'ஸ்டேட்' எனக் கேட்குமிடத்தில் ஒரு வரி போதும். அங்கே பந்தி எழுதுவது நேரவிரயம்.

ஏ.கியூ.ஏ., ஓ.சி.ஆர்., பியர்சன் எடெக்செல் ஆகிய பரீட்சைச் சபைகள் கடந்தகால வினாத்தாள்களையும் புள்ளித்திட்டங்களையும் இணையத்தில் வெளியிடுகின்றன. ஏ.கியூ.ஏ. தனது ஏவற்சொற்களின் பொருளையும் பாடவாரியாகத் தந்துள்ளது. பாடத்துக்குப் பாடம் இவை சற்று வேறுபடக்கூடும் என்பதால், பிள்ளை கற்கும் பாடத்துக்குரிய பட்டியலையே பார்த்தல் வேண்டும்.

ஆங்கிலப் புலமை குறைந்த பெற்றோரும் இதில் உதவலாம். வினாவிலுள்ள ஏவற்சொல்லின் கீழ்க் கோடிடுமாறும், அதற்குரிய புள்ளிகளைக் கவனிக்குமாறும் பிள்ளையிடம் கூறுங்கள். பின்னர், "இது என்ன என்று கேட்கிறதா, ஏன் என்று கேட்கிறதா, முடிவு சொல்லச் சொல்கிறதா?" எனத் தமிழிலேயே வினவுங்கள். பிள்ளை தமிழில் விடை கூறட்டும். எழுதி முடித்ததும் புள்ளித்திட்டத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

மாணவர்களே, பல மாத உழைப்பின் பயனை ஒரு சொல்லைக் கவனியாததால் இழக்க வேண்டாம். பேனாவை எடுக்குமுன் வினாவை இருமுறை வாசியுங்கள்.