வற்றும் நேரம் பார்த்துப் போகும் கரை

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், ஷை ஷை என்றொரு கடற்கரை இருக்கிறது. காரை நிறுத்துமிடத்திலிருந்து கடல் கண்ணில் படாது. மக்கா பழங்குடியினரிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, காட்டுச் சேற்றில் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல் நடந்து, கயிற்றைப் பிடித்துச் செங்குத்துச் சரிவில் இறங்க வேண்டும். பிறகு மணலில் தெற்கே நடந்தால், கடலுக்குள் குடைந்து நிறுத்தியதுபோல் வரிசையாகப் பாறைகள். அவற்றின் காலடியில்தான் நான் சொல்லவந்த குட்டைகள்.

சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஷை ஷையில் சில நாட்களில் மூன்று மீட்டரைத் தாண்டும். ஓத அட்டவணை பார்க்காமல் கிளம்புவது அசட்டுத் துணிச்சல். நாளுக்கு இரண்டு வற்றம். ஒன்று நன்றாக வற்றும், மற்றது பேருக்கு வற்றும். நன்றாக வற்றும் நேரத்துக்கு முன்பே போய்விட்டு, கடல் திரும்பியதும் நாமும் திரும்பிவிட வேண்டும். கடல் ஏறிவிட்டால் சில பாறை முனைகளைச் சுற்றி வரவே வழியிராது. அலையில் புரண்டு வரும் அடிமரங்கள் ஆளையே கொன்றுவிடும்.

குனிந்து பாருங்கள். தண்ணீர் வடிந்த பாறையில் கடல் சாமந்தி கொழகொழவென்று சுருண்டு கிடக்கும். பக்கத்துக் குழியில் அதன் இனமே பச்சைப் பசேலென விரிந்திருக்கும். நிழல் விழும் இடுக்குகளில் ஊதாவும் ஆரஞ்சுமாக நட்சத்திர மீன்கள். சாதுபோல ஒட்டிக்கொண்டிருக்கும் அது சிப்பியின் ஓட்டை மயிரிழை அளவு பிளந்து, தன் இரைப்பையையே வெளியே தள்ளி உள்ளே நுழைத்து, இருந்த இடத்திலேயே செரித்துவிடும்.

இந்தக் கொலைகாரன்தான் குட்டையின் காவல்காரன் என்று காட்டியவர் சூழலியலாளர் ராபர்ட் பெய்ன். பக்கத்து மக்கா விரிகுடாவில் 1963இல் ஒரு பாறைத் துண்டிலிருந்த நட்சத்திர மீன்களையெல்லாம் கடப்பாரையால் நெம்பிக் கடலில் வீசினார். திரும்பத் திரும்ப வந்து வீசினார். தின்பாரில்லாத சிப்பிகள் இடத்தை வளைத்துக்கொள்ள, கொட்டலசுக்கும் பாசிக்கும் ஒட்ட இடமில்லாமல் போயிற்று. 15 இனங்கள் இருந்த இடத்தில் எஞ்சியவை 8. 1969இல் இத்தகைய உயிருக்கு அவர் வைத்த பெயர் ‘கீஸ்டோன் இனம்’. இன்று உலகெங்கும் சூழலியல் மாணவர்கள் படிக்கும் பாடம் அது. ஆய்வுக்கூடமே தேவைப்படவில்லை, ஒரு கடப்பாரையும் பொறுமையும் போதுமாயிருந்தன!

அவர் கையால் செய்ததை 2013 முதல் ஒரு நோய் பெரிய அளவில் செய்தது. கைகள் கழன்று, உடல் கூழாகி, கரை நெடுகிலும் நட்சத்திர மீன்கள் மடிந்தன. ஊதா இனம் சில இடங்களில் தலையெடுத்திருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட கைகள் கொண்ட சூரியகாந்தி நட்சத்திர மீன்தான் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்துவிட்டது. அதைக் கொன்றது ஒரு பாக்டீரியா என்று 2025இல் கண்டறிந்தார்கள். பெய்ன் பணியாற்றிய வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஃபிரைடே ஹார்பர் ஆய்வகத்திலேயே அந்த இனத்தைக் குஞ்சிலிருந்து வளர்த்துவருகிறார்கள்.