பாட்டாக மாறிய பெருநாவல்

விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசெராப்ள்' 1862-இல் வெளிவந்த பிரெஞ்சு நாவல். சுத்தானந்த பாரதியார் அதை 'ஏழை படும் பாடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். அதே பெயரில் 1950-இல் நாகையா நடித்த படமும் வந்தது. அதில் போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமன், அந்தப் பாத்திரத்தின் பெயராலேயே 'ஜாவர்' சீதாராமன் ஆனார். ரொட்டி திருடிச் சிறை சென்ற ழான் வல்ழானும், அவரை விடாமல் துரத்தும் ஜாவரும் நமக்குப் புதியவர்கள் அல்லர்.

இந்த நாவலை வசனமே இல்லாமல், தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டாலேயே சொல்லும் இசை நாடகம் ஒன்று உண்டு. இசை குளோட் மிஷேல் ஷோன்பெர்க். மூலப் பாடல்கள் ஆலன் பூப்லில், ழான் மார்க் நாட்டெல். முதலில் இசைத்தட்டாக வந்து, 1980-இல் பாரீசில் மேடையேறியது. 1985 அக்டோபரில், ஹெர்பர்ட் கிரெட்ஸ்மரின் ஆங்கிலப் பாடல்களோடு, லண்டன் பார்பிகன் அரங்குக்கு வந்தது. விமர்சகர்கள் பலர் குறை சொன்னார்கள்; மக்கள் சீட்டு வாங்கக் குவிந்தார்கள்.

ஐந்து பாகங்கள் கொண்ட நாவல் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் எப்படி அடங்கியது? வெட்டினார்கள் என்பது பாதி பதில்தான். ஹ்யூகோ பக்கம் பக்கமாக வருணித்த வாட்டர்லூ போர் மேடையில் இல்லை. ஆனால் அந்தப் போர்க்களத்தில் பிணங்களின் பையைத் துழாவிய தெனார்தியே என்ற கயவனை அவர்கள் விட்டுவிடவில்லை. அவனைப் பாரீஸ் நகரின் பாதாளச் சாக்கடையில் இறக்கி, மாணவர்கள் தடுப்பரண் எழுப்பிய 1832 கலகத்தில் மாண்டவர்களிடம் அதே வேலையைச் செய்யவைத்தார்கள். போர் போயிற்று, மனிதனின் குணம் தங்கிவிட்டது.

பாரீஸ் மேடையில் வல்ழானின் சிறை விடுதலையும், அவர் ஒரு பாதிரியாரின் வெள்ளிச் சாமான்களைத் திருடுவதும் இல்லை. கதை நேரே தொழிற்சாலைப் பெண் ஃபான்தீனிடம் தொடங்கியது. பிரெஞ்சுக்காரர்களுக்கு முன்கதை மனப்பாடம். லண்டன் ரசிகர்களுக்கு அப்படியில்லை என்பதால் புதிதாக ஒரு முன்காட்சி சேர்த்தார்கள். நீண்ட நாவலைச் சுருக்குகிறவர்களுக்குச் சில இடங்களில் கூட்டவும் தெரிய வேண்டும்.

அந்த முன்காட்சியில்தான் இந்த நாடகத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. வெள்ளியைத் திருடிப் பிடிபட்ட வல்ழானைப் பாதிரியார் காட்டிக் கொடுக்காமல், மெழுகுவர்த்தித் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறார். நிலைகுலைந்த வல்ழான் தன்னையே கேள்வி கேட்டுப் பாடுகிறார். பழைய வாழ்வை விட்டொழிக்கிறார். நாடகத்தின் பிற்பகுதியில், தன் உயிரைக் காப்பாற்றிய வல்ழானைப் பிடிக்க மனம் வராத ஜாவர், ஆற்றுப் பாலத்தில் நின்று பாடுகிறார். அதே மெட்டு! இரண்டு பேருக்கும் கிடைத்தது மன்னிப்பு. ஒருவர் அதை ஏற்றுப் புது மனிதராகிறார். மற்றவர் தாங்க முடியாமல் ஆற்றில் குதிக்கிறார். ஜாவரின் இந்தத் தடுமாற்றத்துக்கு ஹ்யூகோ தனி அத்தியாயமே எழுதினார். மேடையில் அந்த ஒப்பீட்டை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நம் காதே கண்டுபிடித்துவிடுகிறது.

முதல் பாதியின் முடிவும் அப்படித்தான். காதலர், மாணவர், போலீஸ், திருடர் என அத்தனை பேரும் தத்தம் மெட்டோடு வந்து ஒரே பாட்டில் கலக்கிறார்கள். நாவலாசிரியர் ஒருவர் பின் ஒருவராகத்தான் சொல்ல முடியும். இசையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசலாம்.

இழப்பும் இல்லாமலில்லை. நாவலில் தெனார்தியே நம்மை நடுங்கவைப்பவன், மேடையில் சிரிக்கவைக்கிறான். வறுமை ஏன் வருகிறது, சட்டம் யாருக்காக இருக்கிறது என்று ஹ்யூகோ விரிவாக நடத்திய வாதங்களுக்குப் பாட்டில் இடமில்லை. மாணவர்கள் எழுப்பும் தடுப்பரண் எதற்கென்று புரியாமல், இது 1789 பிரெஞ்சுப் புரட்சி என்றே எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் உண்டு. கண்ணீர் முழுசாகக் கிடைக்கிறது, கோபம் குறைந்துவிடுகிறது.

ஆனாலும் இது வெற்றி பெற்ற தழுவல் என்பதே என் முடிவு. நம் பெருநாவல்களை மேடையேற்ற நினைக்கும் கலைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தக் காட்சியை விடலாம் என்று கணக்குப் போடுவதற்கு முன், எந்த மெட்டு யாருக்கு, அது மறுபடி யார் வாயில் ஒலிக்க வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். காட்சிகளின் கணக்கு அதன்பின் எளிதாகிவிடும்.