லிஸ்பனில் ஒரு கதிரை

ஒருமுறை லிஸ்பன் துறைமுக நகரில் எனக்கு ஒரு பகல் முழுவதும் மிஞ்சியிருந்தது. விமானம் இரவு பதினொரு மணிக்குத்தான். பெட்டியை விமான நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, தேஜோ நதிக்கரையில் உள்ள பெலேம் கோபுரத்தைப் பார்க்கப் போனேன்.

1497 இல் வாஸ்கோ ட காமா புறப்பட்டது இந்தக் கரையிலிருந்துதான். அவர் திறந்த வழியால் வந்தவர்கள் 1505 இல் இலங்கையில் கரையிறங்கினர். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தை வீழ்த்தினர். கோபுரத்தின் அழகை இரசிக்க மனம் இடந்தரவில்லை.

கால் கடுக்கவே, அருகிலிருந்த கோப்பிக் கடையொன்றில் நுழைந்தேன். கடைக்கார அம்மையார் ஓர் இருக்கையைக் காட்டி, 'கதெய்ரா' என்றார். திடுக்கிட்டேன். நம்முடைய கதிரை! பிறகு 'மேசா' என்றார், 'ஜனேலா' என்றார். மேசை, ஜன்னல். அவருடைய வாக்கியம் ஒன்றுகூட எனக்கு விளங்கவில்லை. ஆனால் வீட்டுச் சாமான்கள் எல்லாம் விளங்கின.

"பறங்கி கொண்டுபோனதுதான் மோனை, வைச்சிட்டுப் போனது ஒண்டுமில்லை" என்று எனது அப்பாச்சி அடிக்கடி சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் இருந்தது கதிரையில். மடியில் கிடந்தது அலுமாரிச் சாவி. கதிரை, அலுமாரி, சாவி மூன்றும் போர்த்துக்கேயச் சொற்கள் என்பதை அவர் அறியார்.

இரவு விமானத்தில் ஏறியபோதும் என் கசப்புக் குறையவில்லை. ஆயினும் அந்தச் சொற்களைத் திருப்பித் தா என்று எவரேனும் கேட்டால், நான் கொடுக்க மாட்டேன். அவை இப்போது அப்பாச்சியின் சொற்கள்.