குழம்பில் கலக்கும் மாத்திரை

குடிக்கிற ஆளுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்துவிட ஒரு மாத்திரை இருக்குதாமே என்று கேட்கிறவர்கள் நம் பக்கம் நிறைய. அநேகமாக டைசல்ஃபிராமைத்தான் சொல்கிறார்கள்.

அது ரப்பர் தொழிலில் புழங்கிய ரசாயனம். அதைக் கையாண்ட தொழிலாளர்களுக்கு மது ஒத்துக்கொள்ளாமல் போனது 1930களிலேயே தெரிந்தது; 1940களின் கடைசியில் டென்மார்க்கில் அது மருந்தானது. மது உடம்பில் அசிட்டால்டிஹைடாக மாறும். அதற்குமேல் சிதையவிடாமல் இந்த மாத்திரை தடுத்துவிடும். அதனால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். விஷயம் தெரியாத மனுசன் வழக்கம்போல குடித்தால் உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. அதனால் திருட்டுத்தனமாகக் கொடுப்பது, எவ்வளவு பாசத்தில் செய்தாலும், தப்புத்தானுங்க.

நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் உண்டு. முன்னது குடியில் கிடைக்கிற கிறக்கத்தைக் குறைக்கும். பின்னது நிறுத்தியவரை நிறுத்தியபடியே இருக்க உதவும். இரண்டும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியவை. சர்க்கரைக்கு வருசக்கணக்கில் மாத்திரை போடுகிறவரை யாரும் கேலி பேசுவதில்லையே! குடியை விட நினைக்கிறவருக்கு, தறிக்குடோனில் சனிக்கிழமை சம்பளம் வாங்கி, மதுக்கடையைத் தாண்டி வீடு வந்து சேருவது லேசுப்பட்ட காரியமா?

பல வருசம் தினமும் குடித்தவர் திடுதிப்பென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். முதலில் கோவை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அல்லது மனநல உதவி எண் 14416-க்கு போன் போடுங்கள், காசு கிடையாது.