அடக்க விலைக்கும் குறைவாக விற்பது ஏன்?

(அரசியல் பொருளாதாரம் குறித்த கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1995 மே மாதம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், மின்னணு விளையாட்டுத் தொழிலின் முதலாவது ‘இ3’ வர்த்தகக் கண்காட்சி நடைபெற்றது. தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து விளையாடும் ‘சாட்டர்ன்’ என்னும் கன்சோலின் விலை 399 டாலர் என்று ஜப்பானின் சேகா நிறுவனம் அங்கு அறிவித்தது. பின்னர் போட்டி நிறுவனமான சோனியின் சார்பில் மேடையேறிய ஸ்டீவ் ரேஸ், ஓர் எண்ணை மட்டும் கூறிவிட்டு இறங்கினார்: 299. சோனியின் பிளேஸ்டேஷன் அமெரிக்கக் கடைகளுக்கு வருவதற்கு இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன. போட்டியின் போக்கை அந்த ஓர் எண்ணே மாற்றிவிட்டது.

பிளேஸ்டேஷன் 10 கோடிக்கும் மேல் விற்றது. சாட்டர்ன் ஒரு கோடியைக்கூட எட்டவில்லை. 1999இல் சேகா தனது அடுத்த கருவியான ‘டிரீம்காஸ்ட்’டை அமெரிக்காவில் 199 டாலருக்கு விற்றது. மறு ஆண்டே அதை 149 டாலராகக் குறைத்தது. பயனில்லை. 2001 ஜனவரியில் கன்சோல் உற்பத்தியையே கைவிடுவதாக அறிவித்தது. சேகா வெளியேறிய அதே ஆண்டின் நவம்பரில், அதனினும் பன்மடங்கு மூலதன பலம் கொண்ட மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ‘எக்ஸ்பாக்ஸ்’ கருவியுடன் களமிறங்கியது.

இப்போட்டியில் தாக்குப்பிடிக்க எவ்வளவு பணம் தேவை? 2006இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 3 கருவியின் ஆரம்ப விலை 499 டாலர். அதைப் பிரித்து ஆராய்ந்த ஐசப்ளை என்னும் ஆய்வு நிறுவனம், அதன் உற்பத்திச் செலவை 800 டாலருக்கும் மேல் என மதிப்பிட்டது. 2007 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சோனியின் விளையாட்டுப் பிரிவு சுமார் 23,200 கோடி யென் நட்டம் காட்டியது. எக்ஸ்பாக்ஸ் கருவிகளின் விற்பனையில் தங்கள் நிறுவனம் ஒருபோதும் லாபம் ஈட்டியதில்லை என்று 2021 மே மாதம் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் மைக்ரோசாஃப்ட் அதிகாரி சாட்சியம் அளித்தார்.

லாபமே குறியான மூலதனம் நட்டத்துக்கு ஏன் விற்கிறது? கருவியை வாங்கியவர், அந்நிறுவனம் அனுமதிக்கும் விளையாட்டுகளை மட்டுமே அதில் விளையாட முடியும். பிற நிறுவனங்கள் தயாரிக்கும் ஒவ்வொரு விளையாட்டும் கருவியின் உரிமையாளருக்குக் கப்பம் கட்டுகிறது. இணையவழிக் கடைகளில் இது பொதுவாக விலையில் 30 சதவீதம். கட்டண விளையாட்டுகளில் இணையம் வழியே பிறருடன் ஆடத் தனிச் சந்தாவும் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2002இலும், சோனி 2013இலும், நின்டெண்டோ 2018இலும் இதனைத் தொடங்கின. ஆக, கருவியின் மலிவு விலை நுழைவாயில் மட்டுமே. வாங்கியவர் உள்ளே வந்தபின் வாடகை வசூல் தொடங்குகிறது. நில உடைமையாளர் நிலத்தைக் காட்டி வாரம் பெறுவது போல, இங்கே மேடையின் உடைமை வாரம் பெற்றுத் தருகிறது.

செலவைக் குறைக்கும் நெருக்கடியின் மற்றொரு முனை தொழிற்சாலையில் இருக்கிறது. இந்நிறுவனங்கள் கருவிகளை ஒன்றுசேர்க்கும் வேலையை ஃபாக்ஸ்கான் போன்ற ஒப்பந்த நிறுவனங்களிடம் விடுகின்றன. 2012 ஜனவரியில் சீனாவின் வூஹான் நகரில் எக்ஸ்பாக்ஸ் உற்பத்திப் பிரிவின் தொழிலாளர்கள், பணியிட மாற்றத் தகராறில் கூரை மீது ஏறி நின்று உயிரை மாய்த்துக்கொள்வோம் என்று எச்சரித்தனர். அதே ஆண்டில் யான்டாய் ஆலையில் 14 வயதுச் சிறுவர்கள் ‘பயிற்சி மாணவர்’ என்ற பெயரில் வேலை வாங்கப்பட்டதை ஃபாக்ஸ்கான் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கடையில் குறையும் ஒவ்வொரு டாலருக்கும் எங்கோ ஒருவர் கணக்குத் தீர்க்கிறார்.

போட்டியில் பெரிய மூலதனம் சிறியதை விழுங்கி மையப்படுவதை மார்க்ஸ் விளக்கியுள்ளார். இத்துறையில் அது கண்கூடு. 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷன் பிளிசார்ட் நிறுவனத்தை 6,870 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. அடுத்த ஜனவரியில் தனது விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வேலையிலிருந்து நீக்கியது. பிப்ரவரியில் சோனி தனது பிளேஸ்டேஷன் பிரிவில் சுமார் 900 பேரை நீக்கியது. முன்பெல்லாம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கன்சோலின் விலை இறங்கும். இப்போது ஏறுகிறது. 2020இல் 499 டாலருக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், 2025 அக்டோபரில் அமெரிக்காவில் 649 டாலர் ஆயிற்று. டிரம்ப் அரசின் இறக்குமதி வரிகளுக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் வரியின் சுமையை வாங்குவோர் தலையில் இறக்கிவைக்கும் துணிவு, போட்டியாளர்கள் ஓரிருவராகச் சுருங்கிய சந்தையில்தான் வரும்.

இந்த வழிமுறை இந்திய மக்களுக்குப் புதிதன்று. 2016 செப்டம்பரில் ஜியோ இலவச அழைப்புடனும் இலவச இணையத்துடனும் வந்தது. ஏர்செல் திவாலானது. வோடபோனும் ஐடியாவும் 2018இல் ஒன்றாயின. பொதுத்துறையான பி.எஸ்.என்.எல்.லின் 4ஜி சேவை பல ஆண்டுகள் தாமதமாயிற்று. களத்தில் மூன்று தனியார் நிறுவனங்களே எஞ்சிய நிலையில், 2024 ஜூலையில் மூன்றும் ஒருசேரக் கட்டணத்தை உயர்த்தின.

எனவே தோழர்களே, மக்களிடையே மலிவு விலை பேசப்படும்போது மூன்று கேள்விகளை முன்வைப்பது அவசியம். அந்த நட்டத்தை யார் தாங்குகிறார்கள்? அது பின்னர் எவ்வழியில் வசூலாகும்? போட்டியாளர் வீழ்ந்தபின் விலையைத் தீர்மானிப்பவர் யார்?

இம்மூன்றுக்கும் சந்தை தானாக நீதி வழங்காது. 2022 மே மாதம், ஆக்டிவிஷனுக்குச் சொந்தமான ரேவன் நிறுவனத்தின் தரப் பரிசோதனைத் தொழிலாளர்கள் 19க்கு 3 என்ற வாக்கில் சங்கம் அமைத்தனர். எண்ணிக்கை சிறிது. ஆனால் ஆயிரக்கணக்கான கோடி டாலர் புரளும் அத்தொழிலில், விலையையும் வேலையையும் மூலதனம் மட்டுமே தீர்மானிக்கட்டும் என்று விட மறுத்தவர்கள் அவர்கள்.