நூலகத்துக்கு இடம் கொடுப்பது யார்?



பெருநகரில் புதிதாக ஒரு நூலகம் கட்ட வேண்டுமென்றால் எங்கே கட்டுவது? யாரைக் கேட்டாலும், "எல்லாருக்கும் பொதுவா ஊர் நடுவுல கட்டுங்க" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பகுதிக் கிராமங்களில் ஊருக்கு ஒரு நடு உண்டு. ஊருக்கும் சேரிக்கும் சேர்த்து ஒரு நடு எங்கே இருக்கிறது?

பொதுச் சாலை, பொதுக்கிணறு, பொது அலுவலகம் எல்லாம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உரியவை என்று சென்னை சட்டமன்றம் தீர்மானம் போட்டது 1924-இல். நூறு வருடம் ஆகிவிட்டது. இன்றும் கோயில் தெரு வழியாகப் போக ஒரு பிள்ளை தயங்கினால், அந்தத் தெருவின் கடைசியில் இருக்கும் நூலகம் அந்தப் பிள்ளைக்குப் பூட்டிய நூலகம்தான். பூட்டு கதவில் தொங்க வேண்டியதில்லை, தெருமுனையிலேயே தொங்கும்.

அடுத்து, "இடத்தை யாராவது தானமா கொடுத்தா சீக்கிரம் கட்டிடலாம்" என்பார்கள். தானம் கொடுக்க நிலம் யாரிடம் இருக்கிறது? நம் உத்திரமேரூர் கல்வெட்டைக் குடவோலைக்காக உலகமே புகழ்கிறது. பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அந்தச் சபையில் வாரிய உறுப்பினராகத் தகுதி என்ன? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. நிலமும் படிப்பும் இல்லாதவருடைய பெயர் ஓலையில் ஏறவே வழியில்லை. தானமாக வந்த இடத்தில்தான் நூலகம் என்று முடிவெடுத்தால், நிலம் உள்ளவர் கைக்கே மறுபடியும் முடிவைக் கொடுக்கிறோம்.

நம்மிடம் நிலம் ஏன் இல்லை என்பதற்கும் இந்த மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகுதான் 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலங்கள் பெருமளவு கைமாறிப் போயின. அதை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். இந்த மண்ணில் ஒரு சென்ட் இடம்கூட வெறும் இடமில்லை, தோழர்களே.

நூலகம் யாருடைய தயவிலும் நடப்பதல்ல. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், ரூபாய்க்கு 10 பைசா. ஓட்டு வீடும் கட்டுகிறது, மாடி வீடும் கட்டுகிறது. வரியில் பங்கு உண்டென்றால் இடத்தைச் சொல்லவும் உரிமை உண்டு.

நான் சொல்லும் இடம் இதுதான்: சேரியை ஒட்டி, பஸ் போகும் சாலையைப் பார்த்து, அரசுப் புறம்போக்கில். உடனே நம் தோழர்களே கேட்பார்கள், "அங்க கட்டினா ஊர்க்காரங்க வரமாட்டாங்க, சேரி நூலகம்னு பேர் வந்துடுமே?" வரட்டும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் 2025-இல் அறிவித்தார். பெயர் பலகை மாறுவது நல்லதுதான், கால்கள் நடக்கும் திசையும் மாற வேண்டும். ரேஷனுக்கும் பள்ளிக்கும் ஊரைத் தேடி நாம் நடந்தோம். புத்தகத்துக்காக ஊர் கொஞ்சம் நடக்கட்டும். டி.என்.பி.எஸ்.சி. புத்தகம் இங்கேதான் கிடைக்கும் என்றால் ஊர்ப் பிள்ளைகளும் வருவார்கள். ஒரே மேசையில் உட்காருவார்கள். ஊருக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று என்று யாராவது சமரசம் பேசினால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரட்டைக் குவளையை எதிர்த்த நாம் இரட்டை நூலகத்தை ஏற்க முடியாது.

கட்டடம் மட்டும் போதாது. 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒரு நூலகம் வந்தது. எத்தனையோ ஊர்களில் அவை பூட்டியே கிடந்தன. ஆகவே சாவி யாரிடம், மாலை எத்தனை மணி வரை திறந்திருக்கும், இருட்டிய பிறகு ஒரு பெண்பிள்ளை தனியாக வீடு திரும்பத் தெருவிளக்கு உண்டா என்பதையும் இப்போதே கேட்க வேண்டும்.

வருடத்துக்கு ஆறு கிராம சபை. அடுத்த சபைக்கு அம்மா, அக்கா, தங்கையோடு போங்கள். இடத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தீர்மானம் எழுதி முடித்து, படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

ஜெய் பீம்.