போய் வந்த கதையைச் சொல்லுண்ணே!

('ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சவாரி: வீட்டுக்கு வேண்டியதா, வீண் வேலையா?' என்ற பட்டிமன்றத்தில் 'வேண்டியதே' என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே, என் பேச்சைப் பஞ்சராக்க ஆணியோடு காத்திருக்கும் எதிரணி நண்பர்களே!

எதிரணித் தலைவி அம்மா பிரமாதமாப் பேசினாங்க. "அந்தக் காலத்துல வயித்துப்பாட்டுக்குச் சைக்கிள் மிதிச்சான். இந்தக் காலத்துல வயித்தைக் குறைக்கச் சைக்கிள் மிதிக்கிறான்"னு சொன்னாங்க. நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஏன்னா, அவங்க அதைச் சொன்ன நேரம் பார்த்துக் கேமராக்காரர் என் வயித்தைத்தான் காட்டினார். (சிரிப்பு)

அதோட விட்டாங்களா? "ஆறு நாள் ஆபீஸ்ல கிடக்கிற மனுஷன், ஏழாவது நாளும் விடியறதுக்கு முன்னாடி சைக்கிளை எடுத்துட்டுப் போயிட்டா, அவன் குடும்பஸ்தனா, லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவனா?"ன்னு ஒரு கேள்வி கேட்டாங்க. நடுவர் அவர்களே, இந்தக் கேள்விக்கு என் வீட்டு அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியதை நான் பார்த்தேன். அதனால் இதற்குப் பதில் சொல்லாமல் நான் இன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது.

நான் அருப்புக்கோட்டையில் குடியிருக்கிறவன். பிறந்தது எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். திருச்சுழி வட்டாரம் என்றால் தெரியுமல்லவா? ரமண மகரிஷி 1879இல் பிறந்த ஊர் திருச்சுழி. வானம் பார்த்த பூமி. கரிசல்காடு. மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும், பெய்யாவிட்டால் காலை உள்ளே விழுங்குகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அந்த ஊர்க்காரன் நான், நாலு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் 'சுகர்' என்று சொன்னதால் சைக்கிள் வாங்கினேன். பதினெட்டு கியர் சைக்கிள். எங்க அப்பா சைக்கிளுக்கு ஒரே கியர்தான். அதுவும் சைக்கிளில் இல்லை, அவர் தொடையில் இருந்தது.

இந்த வாரக்கடைசிச் சவாரியில் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள் ஐயா. இருநூறு கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்து ஓட்டுகிற கூட்டம் இன்றைக்கு நம் நாட்டிலேயே இருக்கிறது. பிரான்ஸ் நாட்டில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்புகிற சவாரி 1891இல் தொடங்கியது. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர், தொண்ணூறு மணி நேரம்! இங்கிருந்தும் போய் ஓட்டிவிட்டு வருகிறார்கள். தொண்ணூறு மணி நேரம் வீட்டை விட்டுப் போக அனுமதி வாங்கினானே, அவனுக்குத்தான் நான் முதல் பரிசு கொடுப்பேன். எனக்கெல்லாம் தொண்ணூறு நிமிஷம் தாண்டினால் போன் வந்துவிடும். (சிரிப்பு)

நான் அந்தக் கூட்டம் இல்லை. விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்புவேன். திருச்சுழியில் ஒரு டீ. குண்டாற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒரு பார்வை, பெரும்பாலும் மணல்தான் தெரியும். அங்கிருந்து சுற்றிக்கொண்டு எம்.ரெட்டியபட்டி. நேர்வழி இருக்கும்போது ஏன் சுற்று என்று கேட்கக் கூடாது. நேர்வழியில் போகிறவனுக்குப் பஸ் இருக்கிறது.

ஆனி ஆடியில் வாருங்கள் எங்கள் பக்கம். மேல்காற்று அடிக்கும் பாருங்கள்! கிழக்கே போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். 'ஆகா, நமக்கு இன்னும் இளமை போகவில்லை' என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். அப்போது உண்மையான வயசு தெரியும். அறுவடைக் காலத்தில் கொத்தமல்லியைச் செடியோடு அறுத்து ரோட்டில் பரப்பியிருப்பார்கள். போகிற வண்டிச் சக்கரம்தான் போரடிக்கிற மாடு. சைக்கிள் வழுக்கும், இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஆனால் அந்த வாசனை இருக்கிறதே! காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு அது ரோட்டில் கிடக்கிற குப்பை, ஐயா.

அப்புறம் முள். சீமைக்கருவேல முள். எங்கள் ஊரில் மழை தப்பும், முள் தப்பாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நட்டநடுக் காட்டில் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பெரியவர் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தார். டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்க்க ஓர் அலுமினியச் சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுக் கேட்டார்:

"எங்க வேலைக்குப் போறீக?"

"வேலைக்கு இல்லைய்யா. சும்மாதான்."

"சும்மாவா? சும்மா இம்புட்டுத் தூரமா?"

எதிரணி அம்மா கேட்ட அதே கேள்விதான்! ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. நான் ஒட்டுப்போட்டு முடிக்கிற வரைக்கும் அவர் கதை ஓடியது. வாலிபத்தில் கரிமூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு மிதிப்பாராம். ஒரு மூட்டைக்கு இடையில் எங்கே மூச்சு வாங்கலாம், எந்தக் கிணற்றில் தண்ணீர் இனிக்கும், எல்லாம் சொன்னார். கடைசியில், "வழியில ஒரு இரட்டை வேம்பு நிக்குமே, இருக்கா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த வழியில்தான் வந்தேன், பார்க்கவில்லை. அவர் முகம் வாடிப்போனது.

வயிற்றுப்பாட்டுக்கு மிதித்தவனுக்கு ரோடு வெறும் ரோடு என்று எதிரணி சொல்கிறது. இல்லை அம்மா. மூட்டையின் பாரத்தோடு போனவருக்கு முப்பது வருஷம் கழித்தும் ஒரு வேப்பமரம் ஞாபகம் இருக்கிறது. அடுத்த வாரம் நான் மெனக்கெட்டுப் பார்த்துவிட்டு வந்து அவரிடம் சொன்னேன். இரண்டில் ஒன்று நிற்கிறது.

இப்போது குடும்பஸ்தன் கேள்விக்கு வருகிறேன்.

எனக்கு ஒரே ஒரு தங்கச்சி. 1984ஆம் வருஷம். நான் பத்தாம் வகுப்புக்குப் போகிறேன், அவள் எட்டு முடித்துவிட்டாள். அதற்கு மேல் படிக்க ஆறு கிலோமீட்டர் போக வேண்டும். நான் அப்பாவின் சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் கண்மாய்க்கரையில் நின்றுகொண்டு கேட்டாள்: "அண்ணே, எனக்கும் ஓட்டச் சொல்லிக் குடுண்ணே."

எங்க அப்பா படிக்காதவர். பருத்தி மூட்டையை ஏற்றிக்கொண்டு கமிஷன் கடைக்கு மிதிக்கிறவர். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பொட்டப்புள்ள அம்புட்டுத் தூரம் தனியா நடக்க வேணாம். நீ பழக்கிவிட்டீன்னா ஓட்டிட்டுப் போகட்டும்." படிக்காதவர் சரி என்றார். படித்துக்கொண்டிருந்தவன் நான்தான் சொன்னேன்: "அவளுக்குக் கால் எட்டாதுப்பா."

கால் எட்டாதாம்! எனக்குக் கால் எட்டியா நான் பழகினேன்? குரங்குப் பெடல் போட்டுத்தானே பழகினேன்? உண்மை என்னவென்றால், என் கூட்டாளிகள் கேலி செய்வார்கள். 'தங்கச்சி சைக்கிள் விடுறாடா' என்பார்கள். பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போயிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். அதற்கும் வெட்கம். பள்ளிக்கூடம் திறந்தது, நான் போனேன். மழை பெய்து விதைப்பு முடிந்ததும் அவள் களையெடுக்கப் போனாள். பதினேழு வயதில் எம்.ரெட்டியபட்டியில் கட்டிக் கொடுத்துவிட்டோம்.

1992இல் நான் மதுரையில் ஆய்வு மாணவன். புதுக்கோட்டைச் செய்தியைப் படிக்கிறேன். எங்கள் சீமைக்கும் அதற்கும் நடுவில் சிவகங்கைதான். அங்கே மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்கிற அம்மையார். அறிவொளி இயக்கத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்போதே பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக் கொடுங்கள் என்று 1991இல் தொடங்கிவைத்தார். கல்லுடைக்கிற பெண்கள், வயல்வேலைப் பெண்கள், நர்ஸம்மாக்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் பழகினார்கள். பழக வருகிற நாளில் திருவிழாவுக்கு வருகிற மாதிரி நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தார்களாம். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. 'ஆம்பளைச் சைக்கிளே கொடுங்க, முன்பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம்' என்றார்கள்! ஒன்றரை வருஷத்தில் லட்சத்துக்கும் மேலே பெண்கள் ஓட்டக் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் வந்தார்கள். (கைதட்டல்)

கேலி செய்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள். அதைத் தாண்டித்தான் ஓட்டினார்கள். முத்துபாஸ்கரன் என்பவர் எழுதிய ஒரு பாட்டு அங்கே ஊர் ஊராக ஒலித்தது. அந்தப் பாட்டு யாரைப் பார்த்துச் சொல்கிறது தெரியுமா? தங்கச்சியைப் பார்த்து! சைக்கிள் பழகச் சொல்லித் தங்கச்சியைக் கூப்பிடுகிற பாட்டு. எவனோ ஒருவன் ஊரான் வீட்டுத் தங்கச்சிக்கெல்லாம் பாட்டு எழுதுகிறான். கூடப் பிறந்தவன் நான், கால் எட்டாது என்றவன். அந்தச் செய்தித்தாளைத் தங்கச்சியிடம் நான் காட்டவே இல்லை, நடுவர் அவர்களே.

பிறகு எனக்கு வேலை, டாக்டர் பட்டம், மேடை. தங்கச்சி வீட்டுக்கு நல்லது கெட்டதுக்குப் போவேன். காரில் போவேன், சாப்பிட்டு முடித்ததும் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் முதல் முறை சைக்கிளில் போய் இறங்கினேன். காலை ஏழு மணி. வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் வாளியை வைத்துவிட்டு வந்தாள். என்னை 'வா' என்றுகூடச் சொல்லவில்லை. ஹேண்டில்பாரைத் தொட்டுப் பார்த்தாள். மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்தாள். அப்புறம், "எந்த வழியா வந்த? போய் வந்த கதையைச் சொல்லுண்ணே" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் இதுதான். யார் காட்டில் விதைத்திருக்கிறது, குதிரைவாலி போட்டிருக்கிறார்களா மக்காச்சோளமா, மயில் எத்தனை நின்றது, டீக்கடையில் என்ன பேச்சு, அத்தனையும் கேட்பாள். "ஒண்ணுமில்ல, சும்மா வந்தேன்" என்றால் விடமாட்டாள். வருஷக்கணக்கில் தமிழ் பேசிச் சம்பாதித்தவன் நான். கேட்கத் தெரிந்த ஆள் ஒருத்தி என் கூடப் பிறந்தவளாகவே இருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிகிறது.

ஒருநாள் தைரியம் வந்து சொன்னேன். "அன்னைக்குக் கண்மாய்க்கரையில கால் எட்டாதுன்னு சொன்னேன்ல..."

அவள் முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "எட்டும்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ணே. சாயங்காலம் நீ வந்து சைக்கிளை நிறுத்திட்டு விளையாடப் போவேல்ல? ஸ்டாண்டு போட்ட சைக்கிள்ல ஏறி உக்காந்து மிதிச்சுப் பாப்பேன். பின்சக்கரம் கிறுகிறுன்னு சுத்தும். நீ காலேஜ் போற வரைக்கும் மிதிச்சேன். ஒரு அடி நகரலை."

(அரங்கில் அமைதி)

சொல்லிவிட்டுச் சிரித்தாள் ஐயா. நான்தான் முறுக்கை வாயில் வைத்துக்கொண்டு கடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"இப்பப் பழகிக்கோ, நான் சீட்டைப் பிடிச்சுக்கிறேன்" என்றேன். "போண்ணே, இனிமே விழுந்தா முட்டி ஒட்டாது" என்றுவிட்டாள். நியாயம்தானே? நான் தாமதித்த காலத்தை அவள் முட்டி எப்படித் தரும்?

அவள் பேத்தி இப்போது பதினொன்றாம் வகுப்பு. நம் மாநிலத்தில் 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய விலையில்லாச் சைக்கிள், 2005-06 முதல் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் என்று விரிந்தது. பேத்திக்கும் பள்ளிக்கூடத்தில் கொடுத்தார்கள். முன்னால் கூடை, பின்னால் கேரியர்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இதே மாதிரி ஒரு பட்டிமன்றத்துக்காக நான் வெளியூர் போயிருந்தேன், சவாரி இல்லை. சாயங்காலம் தங்கச்சியிடமிருந்து போன். "அண்ணே, நான் இன்னைக்குச் சைக்கிள்ல போனேன்!"

பேத்தி பின்னால் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். போன தூரம் மூன்று கிலோமீட்டர். கதை ஓடியது நாற்பது நிமிஷம்! கண்மாய்க்கரை இறக்கத்தில் பேத்தி பிரேக்கே பிடிக்கவில்லையாம். இவள் கத்திய கத்தலில் கொக்கெல்லாம் பறந்துவிட்டதாம். எதிரே வந்த மாட்டுக்காரர், "என்ன ஆத்தா, இந்த வயசுல சவாரியா?" என்று கேட்டாராம். இவள் பேத்தியின் கைக்கு மேலே எட்டி மணியை அடித்தாளாம். "காத்து காதுல 'உய்'ங்குதுண்ணே, உனக்கும் அப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் முன்னால் இருந்த காபி ஆறி ஆடை படிந்துவிட்டது.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். சைக்கிள் மணி என்றால் ஓரமாக ஒதுங்கி நின்று இன்னும் இரண்டு வார்த்தை பேசுவேன். இது உங்கள் மணி, இறங்கித்தான் ஆக வேண்டும். வருகிற ஞாயிறு எந்தப் பக்கம் போவது என்று தங்கச்சி சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். (கைதட்டல்)